எல்லை தாண்டும் லீக்குகள்: இரண்டு நாட்டு ஏணிகளை ஒன்றாகக் கட்ட முடியுமா?

2025-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்தில் இரண்டு கால்பந்துக் கிளப்புகளுக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆக்லாந்து எஃப்சி என்ற தொழில்முறைக் கிளப் ஆஸ்திரேலியாவின் ஏ-லீக்கில் முதல் தடவையாகச் சேர்ந்து, வந்த சீசனிலேயே லீக் சுற்றை முதலிடத்தில் முடித்தது. ஆனாலும் ஆசியக் கண்டத்தின் கிளப் போட்டியில் அதற்கு இடமில்லை. அதே ஊரில் ஆக்லாந்து சிட்டி என்று இன்னொரு கிளப் உண்டு. அதன் வீரர்களில் பெரும்பாலோர் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருபவர்கள். அந்தக் கிளப் அமெரிக்காவில் நடந்த கிளப் உலகக் கோப்பைக்குப் போய், அர்ஜென்டினாவின் போகா ஜூனியர்ஸ் அணியோடு 1-1 என்று சமன் செய்து திரும்பியது.

முதலிடம் வந்த கிளப்புக்கு வாசல் மூடியிருக்கிறது, வேலை முடித்துவிட்டு ஆடுகிறவர்களுக்கு உலக மேடை திறக்கிறது. ஏன் இப்படி? முதல் கிளப் தன் நாட்டு எல்லையைத் தாண்டிப் பக்கத்து நாட்டு லீக்கில் ஆடுகிறது. இரண்டாவது கிளப் தன் நாட்டு லீக்கிலேயே இருக்கிறது. ஆஸ்திரேலியா 2006 முதல் ஆசியக் கூட்டமைப்பில் இருக்கிறது. நியூசிலாந்து, பசிபிக் தீவு நாடுகளின் ஓசியானியாக் கூட்டமைப்பில். ஆக்லாந்து எஃப்சி ஆடும் லீக் ஒரு கண்டத்தைச் சேர்ந்தது, அதன் நாடு இன்னொரு கண்டத்தைச் சேர்ந்தது. ஆக்லாந்து சிட்டிக்கு இரண்டும் ஒன்றே.

"இரண்டு நாட்டு லீக்குகளை இணைக்கப் போகிறார்கள்" என்ற பேச்சு ஐரோப்பாவில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கிளம்பும், அப்புறம் அடங்கிவிடும். அது ஏன் கிளம்புகிறது, ஏன் அடங்குகிறது என்பது புரிய வேண்டுமானால், கால்பந்து எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஏணியும் அதன் உச்சியும்

உலகக் கால்பந்து நாடு வாரியாகப் பிரிந்து கிடக்கிறது. உச்சியில் ஃபிஃபா, அதில் 211 சங்கங்கள் உறுப்பினர்கள். அதற்குக் கீழே கண்ட வாரியாக ஆறு கூட்டமைப்புகள். ஐரோப்பாவுக்கு யூஈஎஃப்ஏ, அதில் 55 சங்கங்கள். ஒவ்வொரு சங்கமும் தன் எல்லைக்குள் லீக் நடத்துகிறது, அல்லது நடத்த அனுமதி தருகிறது. கிளப் தன் நாட்டுச் சங்கத்தோடு கட்டப்பட்டிருக்கிறது, சங்கம் கண்டத்தோடு, கண்டம் ஃபிஃபாவோடு.

ஒவ்வொரு நாட்டு லீக்கும் ஓர் ஏணி மாதிரி. மேலே முதல் பிரிவு, அதற்குக் கீழே இரண்டாம் பிரிவு, மூன்றாம் பிரிவு என்று ஊர் அளவிலான அணிகள் வரை இறங்கிக்கொண்டே போகும். சீசன் முடிவில் கடைசி இடங்களில் நிற்பவர்கள் ஒரு படி இறங்குவார்கள், கீழே முதலிடங்களைப் பிடித்தவர்கள் ஒரு படி ஏறுவார்கள். சின்ன ஊர்க் கிளப் ஒன்று நன்றாக ஆடினால் சில ஆண்டுகளில் நாட்டின் பெரிய கிளப்போடு மோதலாம் என்ற நம்பிக்கை இதிலிருந்துதான் வருகிறது. ஏணியின் உச்சியில் இருப்பவர்களுக்கு இன்னொரு பரிசும் உண்டு. சாம்பியன்ஸ் லீக், யூரோப்பா லீக் மாதிரியான கண்டப் போட்டிகளுக்கு அவர்கள் போகலாம். அந்த இடங்களைச் சங்கம் வாரியாகத்தான் யூஈஎஃப்ஏ பங்கிடுகிறது.

அதனால் "லீக் இணைப்பு" என்று யாராவது சொன்னால், அவர்கள் இரண்டு புள்ளிப்பட்டியலை ஒன்றாக்குவதைப் பற்றி மட்டும் பேசவில்லை. இரண்டு ஏணிகளை ஒன்றாகக் கட்டுவதைப் பற்றிப் பேசுகிறார்கள். உச்சிப் படியைச் சேர்ப்பது சுலபம். கீழே இருக்கும் படிகளை என்ன செய்வது என்பதில்தான் இதுவரை வந்த திட்டங்கள் பலவும் சிக்கியிருக்கின்றன.

விருந்தாளியாகப் போவது வேறு

எல்லை தாண்டி ஆடுவது புதிய விஷயமே இல்லை. வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் சிட்டி, சுவான்சி சிட்டி, ரெக்ஸம், நியூபோர்ட் கவுன்டி ஆகிய கிளப்புகள் பல தலைமுறைகளாக இங்கிலாந்து ஏணியில்தான் ஆடுகின்றன. கார்டிஃப் 1927-இல் இங்கிலாந்தின் எஃப்ஏ கோப்பையையே வென்றது. ரெக்ஸம் 2023, 2024, 2025 என்று அடுத்தடுத்து மூன்று சீசனில் மூன்று படி ஏறி இரண்டாம் பிரிவுக்கு வந்த கதை அண்மையில் உலகம் முழுக்கப் பேசப்பட்டது.

லிக்டன்ஸ்டைன் என்ற குட்டி நாட்டுக்குச் சொந்த லீக்கே கிடையாது. அதன் கிளப்புகள் சுவிட்சர்லாந்து ஏணியில் ஆடுகின்றன. ஆனால் உள்நாட்டுக் கோப்பை ஒன்று இருக்கிறது. அதை வெல்பவருக்கு ஐரோப்பியத் தகுதிச் சுற்றில் இடம் கிடைக்கும். எஃப்சி வாடுஸ் 2022-23 சீசனில் அந்த வழியாகவே ஐரோப்பாவின் மூன்றாம் நிலைப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீக்கின் குழுச் சுற்று வரை போனது. மொனாக்கோ பிரெஞ்சு லீக்கில் ஆடுகிறது, 2017-இல் பட்டமும் வென்றது. அந்த நாடு யூஈஎஃப்ஏ உறுப்பினரே இல்லை. கிளப் முழுக்க முழுக்கப் பிரெஞ்சுக் கணக்கில்தான் வருகிறது.

இவை எதுவும் இணைப்பு ஆகாது. ஒரு வீட்டுக்குச் சிலர் விருந்தாளியாகப் போய், நாளடைவில் குடும்பத்தில் ஒருவராகிவிட்ட மாதிரி. இங்கிலாந்து ஏணி அப்படியேதான் இருக்கிறது. அதில் நான்கைந்து வேல்ஸ் கிளப்புகள் ஏறி இறங்குகின்றன, அவ்வளவுதான். யாருடைய ஏணியையும் கலைக்கத் தேவை வரவில்லை.

அதற்காக விருந்தாளி வாழ்க்கை சண்டை இல்லாதது என்று நினைக்க வேண்டாம். 1992-இல் வேல்ஸ் சங்கம் தனக்கென்று ஒரு தேசிய லீக் தொடங்கியது. சொந்த லீக் இல்லாவிட்டால் வேல்ஸைத் தனி நாடாக உலகக் கால்பந்தில் எவ்வளவு காலம் ஏற்றுக்கொள்வார்கள் என்ற பயம் அதற்கு ஒரு காரணம். இங்கிலாந்து ஏணியின் கீழ்ப்படிகளில் ஆடிக்கொண்டிருந்த சில வேல்ஸ் கிளப்புகள் புதிய லீக்கில் சேர மறுத்தன. சங்கம் அவற்றைச் சொந்த மைதானத்தில் ஆடவிடவில்லை. கார்டிஃபுக்குப் பக்கத்திலிருக்கும் நியூபோர்ட் கிளப், எல்லைக்கு அப்பால் இங்கிலாந்தின் குளோஸ்டரில் "உள்ளூர்" ஆட்டங்களை ஆட வேண்டியதாயிற்று. நீதிமன்றம் வரை போன பிறகுதான் ஊர் திரும்ப முடிந்தது. தன் ஊர் அணியைப் பார்க்கப் பக்கத்து நாட்டுக்குப் போய்வந்த அந்த ரசிகர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. எல்லை என்பது வரைபடத்தில் ஒரு கோடுதான், ஆனால் கால்பந்தில் அது சனிக்கிழமை மதியத்தைத் தீர்மானித்துவிடுகிறது.

பெரிய கிளப்புகளுக்கும் இந்தக் குழப்பம் வந்தது. சுவான்சி 2013-இல் இங்கிலாந்தின் லீக் கோப்பையை வென்றபோது, ஐரோப்பாவுக்குப் போகும் இடம் வேல்ஸ் கணக்கிலா இங்கிலாந்து கணக்கிலா என்ற கேள்வி இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டே யூஈஎஃப்ஏ இந்த முடிச்சை அவிழ்த்துவைத்திருந்தது. எந்த ஏணியில் வென்றீர்களோ அந்த ஏணியின் கணக்கில் போகலாம். அப்படிப் போன சுவான்சி, ஸ்பெயினின் வலென்சியாவை அதன் சொந்த மைதானத்தில் 3-0 என்று வென்றது.

டெரி சிட்டியின் கதை இன்னும் கனமானது. வட அயர்லாந்தில் வன்முறை உச்சத்தில் இருந்த 1970-களின் தொடக்கத்தில், டெரியின் பிராண்டிவெல் மைதானத்துக்கு வர மற்ற அணிகள் தயங்கின. கிளப் தன் உள்ளூர் ஆட்டங்களை வேறு ஊரில் ஆட வேண்டியிருந்தது. கடைசியில் 1972-இல் லீக்கைவிட்டே விலகியது. பதின்மூன்று ஆண்டுகள் மூத்த நிலைக் கால்பந்து இல்லாமல் அந்த ஊர் இருந்தது. 1985-இல் எல்லைக்கு அந்தப் பக்கம், அயர்லாந்துக் குடியரசின் லீக்கில் சேர அனுமதி கிடைத்தது. நான்கே ஆண்டில், 1989-இல், அந்த நாட்டின் மூன்று பெரிய பட்டங்களையும் ஒரே சீசனில் வென்றது. இன்றும் டெரி அங்கேதான் ஆடுகிறது. எல்லை தாண்டியதால் ஒரு கிளப் உயிர் பிழைத்தது என்று சொல்ல எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை.

விருந்தாளி முறையில் ஒரு பலவீனம் உண்டு. வீட்டுக்காரர் போதும் என்றால் கிளம்ப வேண்டும். சிங்கப்பூர் அணி பல பத்தாண்டுகள் மலேசியக் கோப்பையில் ஆடியது. 1994-இல் லீக்கையும் கோப்பையையும் சேர்த்து வென்ற கையோடு, நுழைவுச்சீட்டு வருமானத் தகராறில் விலகியது. 2012-இல் லயன்ஸ்டுவெல்வ் என்ற பெயரில் திரும்ப வந்தது. வி. சுந்தரமூர்த்தியின் பயிற்சியில் 2013-இல் மலேசிய சூப்பர் லீக் பட்டத்தை வென்றது, 2015-இல் மலேசியாவின் எஃப்ஏ கோப்பையையும் வென்றது. அந்த ஆண்டு இறுதியில் மலேசியச் சங்கம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அணியே கலைந்தது. கோப்பையை வென்ற ஆண்டிலேயே ஆட லீக் இல்லை.

இணைய வேண்டும் என்ற ஆசை எங்கிருந்து வருகிறது

ஒரே சொல்லில் சொன்னால், பணம். ஆனால் அதைப் பேராசை என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது.

ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் நான்கு முறை ஐரோப்பிய சாம்பியன். 1971, 1972, 1973 என்று தொடர்ந்து மூன்று முறை, அப்புறம் 1995-இல். நெதர்லாந்தின் ஃபெயனூர்ட் 1970-இலும், பிஎஸ்வி ஐந்தோவன் 1988-இலும் அதே கோப்பையைத் தூக்கின. ஸ்காட்லாந்தின் செல்டிக் 1967-இல், ருமேனியாவின் ஸ்டேவுவா புகாரெஸ்ட் 1986-இல், பெல்கிரேடின் ரெட் ஸ்டார் 1991-இல். இந்தப் பட்டியலை 2004-இல் போர்ச்சுகலின் போர்டோவோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்குப் பிறகு 2025 வரை இங்கிலாந்து, ஸ்பெயின், இத்தாலி, ஜெர்மனி, பிரான்ஸ் என்ற ஐந்து நாடுகளைத் தவிர வேறெந்த நாட்டுக் கிளப்பும் அந்தக் கோப்பையைத் தொடவில்லை.

இரண்டு விஷயங்கள் சேர்ந்து இதைச் செய்தன. 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் போஸ்மன் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஒப்பந்தம் முடிந்த வீரர், பழைய கிளப்புக்கு யாரும் மாற்றுத்தொகை தராமலே, வேறு கிளப்புக்குப் போகலாம், ஐரோப்பிய ஒன்றியத்து வீரர்களுக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடு வைக்கக் கூடாது. வீரர்களின் உரிமை என்று பார்த்தால் அது சரியான தீர்ப்பு. ஆனால் 1995-இல் ஐரோப்பாவை வென்ற அயாக்ஸிலிருந்து எட்கர் டேவிட்ஸும் பாட்ரிக் கிளைவர்ட்டும் அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் ஒரு காசு மாற்றுத்தொகை இல்லாமல் இத்தாலியின் ஏசி மிலானுக்குப் போய்விட்டார்கள்.

அடுத்தது தொலைக்காட்சி. இங்கிலாந்து பிரீமியர் லீக்கின் உள்நாட்டு ஒளிபரப்பு உரிமை 2025 முதல் நான்கு ஆண்டுகளுக்கு 670 கோடி பவுண்டுக்கு விலைபோனது. நெதர்லாந்தின் முதல் பிரிவான எரெடிவிசி 2012-இல் போட்ட ஒளிபரப்பு ஒப்பந்தம் பன்னிரண்டு ஆண்டுகளுக்குச் சுமார் 100 கோடி யூரோ. ஆண்டுக் கணக்காக வகுத்துப் பாருங்கள்: ஒரு பக்கம் 167 கோடி பவுண்டு, இன்னொரு பக்கம் 8 கோடி யூரோவுக்குச் சற்று மேல். இரண்டும் ஒரே காலத்து ஒப்பந்தங்கள் இல்லை என்பது உண்மைதான், ஆனாலும் இடைவெளி எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொள்ள இது போதும். நெதர்லாந்தில் ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் பேர். அந்த மொழியில், அந்தச் சந்தையில், எவ்வளவு நன்றாக ஆடினாலும் தொலைக்காட்சி தரும் பணத்துக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. அயாக்ஸ் தப்பு எதுவும் செய்யவில்லை. அது பிறந்த நாடு சின்னது.

அப்போது எழும் யோசனை இயல்பானது. பக்கத்து நாட்டோடு சேர்ந்தால் சந்தை பெரிதாகும், பெரிய ஆட்டங்கள் கூடும், ஒளிபரப்புக்காரர் கூடுதலாகத் தருவார், நல்ல வீரர்கள் இரண்டு மூன்று ஆண்டுகள் அதிகம் தங்குவார்கள்.

முயன்று பார்த்தவர்கள்

2000-ஆம் ஆண்டையொட்டி "அட்லாண்டிக் லீக்" என்று ஒரு பேச்சு எழுந்தது. நெதர்லாந்து, பெல்ஜியம், ஸ்காட்லாந்து, போர்ச்சுகல், ஸ்காண்டிநேவிய நாடுகள் ஆகியவற்றின் பெரிய கிளப்புகளைச் சேர்த்து ஒரு லீக். யூஈஎஃப்ஏ ஒப்புக்கொள்ளவில்லை, திட்டம் காகிதத்தோடு நின்றது. ஸ்காட்லாந்தின் செல்டிக், ரேஞ்சர்ஸ் இரண்டையும் இங்கிலாந்துக்குள் கொண்டுவரும் யோசனை 2009-இல் போல்டன் கிளப்பின் தலைவர் பில் கார்ட்சைட் வழியாக பிரீமியர் லீக் கிளப்புகளின் முன் வந்தது. அவை அதை நிராகரித்தன. காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. இருபது நாற்காலிகளில் இரண்டு புதியவர்கள் உட்கார்ந்தால், ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் இருவர் எழ வேண்டும். அந்த இருவர் யார் என்று தெரியாததால் எல்லோருக்கும் பயம்.

ஸ்காண்டிநேவியாவில் கொஞ்சம் பக்குவமாக அணுகினார்கள். டென்மார்க், நார்வே, சுவீடன் மூன்றும் தங்கள் லீக்குகளைத் தொடாமல், குளிர்கால இடைவெளியில் "ராயல் லீக்" என்ற கூடுதல் போட்டியை 2004 முதல் நடத்தின. நாட்டுக்கு நான்கு என்று பன்னிரண்டு கிளப்புகள். முதல் இரண்டு முறை எஃப்சி கோபன்ஹேகன் வென்றது, 2007-இல் பிரோண்ட்பி. அப்புறம் ஒளிபரப்பு ஒப்பந்தம் கிடைக்காமல் நின்றுபோனது. உறைபனிக் காலத்து ஆட்டங்களுக்கு மைதானம் நிறையவில்லை. தோற்றால் கீழே இறங்கும் ஆபத்தும் இல்லை. மக்கள் பழகிய லீக்கின் சூடு ஒரு கூடுதல் கோப்பைக்கு வருவதில்லை என்பதுதான் அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

உண்மையாகவே இரண்டு நாடுகளின் முதல் பிரிவுகளைச் சேர்த்துப் பார்த்தது பெண்கள் கால்பந்து. பெல்ஜியமும் நெதர்லாந்தும் 2012-இல் பெனெ லீக்கைத் தொடங்கின. நாட்டுக்கு எட்டு என்று பதினாறு கிளப்புகள். இதில் ஒரு விஷயத்தை அழகாகத் தீர்த்தார்கள். லீக் ஒன்றாக இருந்தாலும், சாம்பியன்ஸ் லீக் இடங்கள் நாட்டுக் கணக்கில் தனித்தனியாக இருந்தன. பட்டியலில் மேலே நிற்கும் நெதர்லாந்துக் கிளப்புக்கு ஒன்று, மேலே நிற்கும் பெல்ஜியக் கிளப்புக்கு ஒன்று. லீக் மூன்று சீசன் ஓடியது. 2015-இல் இரு நாடுகளும் தனித்தனி லீக்குக்குத் திரும்பின. பெண்கள் கிளப்புகளுக்கு அன்று இருந்த பண நெருக்கடியில் அது நிலைக்கவில்லை என்றாலும், ஐரோப்பிய இடங்களை எப்படிப் பங்கிடலாம் என்பதற்கு நடைமுறையில் ஒரு விடை கிடைத்தது. பின்னாளில் இதைப் பற்றிப் பேசியவர்கள் பலர் அந்த மூன்று சீசனைப் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் வருத்தம்.

ஆண்கள் கால்பந்தில் அதே இரண்டு நாடுகளும் "பெனெலிகா" என்ற பெயரில் 2020, 2021-இல் தீவிரமாகப் பேசின. ஆலோசனை நிறுவனம் ஒன்றைக் கொண்டு ஆய்வு செய்தார்கள். இணைந்த லீக்கின் ஒளிபரப்பு, விளம்பர வருமானம் ஆண்டுக்கு 25 கோடி முதல் 40 கோடி யூரோ வரை போகலாம் என்று கணக்கு வந்தது. 2021 மார்ச்சில் பெல்ஜியத்தின் தொழில்முறைக் கிளப்புகள் கொள்கை அளவில் ஒருமனதாக ஆதரித்தன. இவ்வளவு தூரம் வந்தும் அது நடக்கவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

ஏன் நடக்கவில்லை என்பதைப் புரிந்துகொள்ளச் சின்னக் கூட்டல் கழித்தல் போதும். அன்றைக்கு நெதர்லாந்து முதல் பிரிவில் 18 கிளப்புகள், பெல்ஜியத்திலும் 18. மொத்தம் 36. பேசப்பட்ட வடிவங்களில் ஒன்று, நெதர்லாந்திலிருந்து 10, பெல்ஜியத்திலிருந்து 8 என்று 18 கிளப்புகள் கொண்ட முதல் பிரிவு. அப்படியானால் மீதி 18 கிளப்புகள்? அவை எந்த ஆட்டத்திலும் தோற்காமலே ஒரு படி இறங்குகின்றன. நேற்றுவரை ஆண்டுக்கு ஒருமுறை அயாக்ஸ் தங்கள் ஊருக்கு வரும், அன்று மைதானம் நிறையும், கடைகள் ஓடும். நாளை முதல் வராது.

மீதிப் பேருக்கு நாடு வாரியாக இரண்டாம் பிரிவு வைக்கலாம் என்றால் அடுத்த சிக்கல். மேலே ஒரே பிரிவு, கீழே இரண்டு. சீசன் முடிவில் கடைசி மூன்று இடத்தில் நிற்பவை மூன்றுமே பெல்ஜியக் கிளப்புகள் என்று வையுங்கள். மூன்றும் பெல்ஜிய இரண்டாம் பிரிவுக்கு இறங்கும். மேலே யார் ஏறுவது? இரு நாட்டிலிருந்தும் ஏற்றினால் சில ஆண்டுகளில் மேலே பெல்ஜியக் கிளப்புகளே அருகிவிடலாம். பெல்ஜியத்திலிருந்து மட்டும் ஏற்றினால், நெதர்லாந்தின் இரண்டாம் பிரிவுக்கு அந்த ஆண்டு வாசலே இல்லை. "நாட்டுக்கு இத்தனை இடம்" என்று எண்ணிக்கையைப் பூட்டிவைத்தால், பட்டியலில் மேலே இருக்கும் கிளப் இறங்கும், அதைவிடக் கீழே இருக்கும் கிளப் தப்பிக்கும். எப்படிக் கட்டினாலும் ஏணியின் ஒரு பக்கம் ஆடுகிறது.

ஜெர்மனியில் இது நிஜமாகவே நடந்தது. நாடுகளே ஒன்றானதால் 1991-இல் கிழக்கு ஜெர்மனியின் லீக் மேற்கின் ஏணியில் கரைந்தது. கிழக்கின் முதல் பிரிவில் இருந்த பதினான்கு கிளப்புகளில் ஹன்சா ரோஸ்டாக், டைனமோ டிரெஸ்டன் என்ற இரண்டுக்கு மட்டும் முதல் பிரிவான புண்டஸ்லிகாவில் இடம். ஆறு கிளப்புகளுக்கு இரண்டாம் பிரிவு. மற்றவை தொழில்முறைக் கால்பந்தைவிட்டே வெளியே விழுந்தன. விழுந்தவற்றில் ஒன்று மாக்டெபுர்க். 1974-இல் ஏசி மிலானை 2-0 என்று வென்று ஐரோப்பிய கோப்பை வென்றோர் கோப்பையைத் தூக்கிய கிளப் அது. இரண்டாம் பிரிவுக்கு அது ஏறி வந்தது 2018-இல். மத்தியாஸ் சம்மர், உல்ஃப் கிர்ஸ்டன் போன்ற நல்ல வீரர்கள் லீக் இணைவதற்கு முன்பே மேற்குக்குப் போய்விட்டிருந்தார்கள். இணைப்பில் பலம் குறைந்த பக்கம் என்ன விலை கொடுக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் மாக்டெபுர்கைத்தான் காட்டுவேன்.

கணக்கு ஒருபுறமிருக்க, சட்டங்களும் வேறு வேறு. நெதர்லாந்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் வயதுவந்த வீரருக்கு லீக்கின் சராசரிச் சம்பளத்தைப் போல ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும் என்பது விதி. பெல்ஜியத்தில் அந்த வரம்பு மிகக் குறைவு. ஒரே லீக்கில், ஒரே பட்டத்துக்கு மோதும் இரண்டு கிளப்புகளில் ஒன்று தென் அமெரிக்க இளைஞரை மலிவாக எடுக்கலாம், மற்றது முடியாது. இதைச் சரிசெய்ய இரு நாட்டு அரசுகளும் சட்டத்தைத் தொட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேல், அனுமதி வேண்டும். தன் அனுமதியில்லாமல் வெவ்வேறு சங்கங்களின் லீக்குகளோ கிளப்புகளோ கூட்டுச் சேரக் கூடாது என்று யூஈஎஃப்ஏ தன் சாசனத்திலேயே எழுதிவைத்திருக்கிறது. இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். 2021 ஏப்ரலில் பன்னிரண்டு பெரிய கிளப்புகள் அறிவித்து, இரண்டு நாளில் சரிந்த ஐரோப்பிய சூப்பர் லீக்கும் நாம் பேசும் இணைப்பும் ஒன்றில்லை. அந்தக் கிளப்புகள் தங்கள் நாட்டு லீக்கிலேயே தொடர்ந்துகொண்டு, சாம்பியன்ஸ் லீக்குக்குப் பதிலாக, நிறுவியவர்கள் ஒருபோதும் இறங்காத ஒரு வார நாள் போட்டியைக் கேட்டன. பெனெலிகா மாதிரியான திட்டம் பின்தங்கிப்போன நாடுகள் எழுந்து நிற்கச் செய்யும் முயற்சி. இரண்டையும் ஒரே கண்ணால் பார்ப்பது சின்ன லீக்குகளுக்கு நாம் செய்யும் அநியாயம்.

ஏணியே இல்லாத இடத்தில்

வட அமெரிக்காவில் இந்தத் தலைவலி எதுவுமில்லை. அங்கே மேஜர் லீக் சாக்கரில் யாரும் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. கனடாவின் டொராண்டோ 2007-இலும், வான்கூவர் 2011-இலும், மாண்ட்ரியல் 2012-இலும் சேர்ந்தன. புதிதாக ஒரு நாற்காலி போட்டால் போதும், யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. டொராண்டோ 2017-இல் பட்டமும் வென்றது. கண்டப் போட்டிக்குக் கனடாவின் இடத்தைத் தீர்மானிக்க 2008 முதல் கனடா சாம்பியன்ஷிப் என்று தனிக் கோப்பை இருக்கிறது. லிக்டன்ஸ்டைன் பின்பற்றும் அதே வழி.

ஆனால் எல்லை என்பது எப்போது வேண்டுமானாலும் மூடக்கூடிய கதவு. 2020-இல் கொரோனா பரவியபோது, கனடாக் கிளப்புகள் மூன்றும் அமெரிக்க நகரங்களில் தங்கித்தான் "உள்ளூர்" ஆட்டங்களை ஆடின. ஏ-லீக்கில் ஆடும் நியூசிலாந்தின் வெலிங்டன் ஃபீனிக்ஸ், அடுத்து வந்த 2020-21 சீசனில் ஆஸ்திரேலியாவின் வொல்லங்காங்கில் குடியிருந்தது. வீரர்கள் குடும்பத்தைப் பிரிந்து மாதக்கணக்கில் இருந்தார்கள்.

அயர்லாந்து

இனி எங்காவது இது நடக்க வாய்ப்பிருக்கிறதா என்று கேட்டால், நான் அயர்லாந்துத் தீவைத்தான் சொல்வேன். 1921 வரை அங்கே ஒரே சங்கம்தான். ரக்பியில் இன்றும் தீவு முழுக்க ஒரே தேசிய அணி. வடக்கும் தெற்கும் 2005 முதல் 2014 வரை செட்டான்டா கோப்பை என்ற கூட்டுப் போட்டியை நடத்தின. முதல் கோப்பையை பெல்பாஸ்டின் லின்ஃபீல்ட் டப்ளினில் வைத்து வென்றது. 2019-இல் கீரன் லூசிட் என்ற தொழிலதிபர் தீவு முழுவதுக்கும் ஒரே லீக் என்று விரிவான திட்டம் கொண்டுவந்தார். சில கிளப்புகள் ஆர்வமாகப் பேசின. வட அயர்லாந்துச் சங்கம் அனுமதி தர முடியாது என்றது.

அடையாளம், வரலாறு, அரசியல் எல்லாம் அதில் உண்டு. ஆனால் கிளப் நிர்வாகிகளின் கவலை பெரும்பாலும் ஐரோப்பிய இடங்கள்தான். இப்போது வடக்கும் தெற்கும் தனித்தனியாகக் கிளப்புகளை அனுப்புகின்றன. தகுதிச் சுற்றில் ஒரு படி தாண்டினாலே யூஈஎஃப்ஏ தரும் தொகை, சின்னக் கிளப் ஒன்றின் அந்த ஆண்டுச் செலவை மாற்றிவிடும். இணைந்த பிறகு ஒரே நாட்டுக்குரிய இடம்தான் என்று யூஈஎஃப்ஏ சொல்லிவிட்டால், அதில் பாதிப் பேர் வெளியே. நாட்காட்டியும் இடிக்கிறது. தெற்கு லீக் 2003 முதல் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடிகிறது. வடக்கு லீக் ஆகஸ்டில் தொடங்கி அடுத்த ஆண்டு வசந்தத்தில் முடிகிறது. செட்டான்டா கோப்பையையும் இந்த இடைவெளிதான் கடைசிவரை வாட்டியது.

இரண்டில் நாட்காட்டி சுலபமானது; யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்தால் போதும். மற்றதற்கு பெனெ லீக்கின் வழி இருக்கிறது. பட்டியல் ஒன்றாக இருக்கட்டும். வடக்கில் முதலில் நிற்பவர் வடக்கின் கணக்கில், தெற்கில் முதலில் நிற்பவர் தெற்கின் கணக்கில் ஐரோப்பாவுக்குப் போகட்டும். யூஈஎஃப்ஏ எழுத்தில் அதை உறுதி செய்தால், மறுபடி உட்கார்ந்து பேச ஒரு காரணம் கிடைக்கும். அதுவரை தீவின் இரு பகுதிகளையும் லீக் ஆட்டங்களால் இணைத்துக்கொண்டிருப்பது டெரி சிட்டி ஒன்றுதான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிராண்டிவெலில் விளக்கு எரியும், எல்லை தாண்டி டப்ளினிலிருந்தோ டண்டாக்கிலிருந்தோ ஓர் அணி பேருந்தில் வந்து இறங்கும்.